பாட்டுக்குப் போட்ட பூட்டு

ஒரு பொருளை விற்பது என்றால் என்ன? காசைக் கொடுத்தவர் பொருளைக் கொண்டுபோய்விடுவார். அதன்பின் கடைக்காரருக்கும் அந்தப் பொருளுக்கும் தொடர்பில்லை. சந்தையில் வாங்கிய பலாப்பழத்தை நாமே உண்ணலாம், அயல்வீட்டாருக்கும் கொடுத்தனுப்பலாம். எத்தனை பேர் உண்டார்கள் என்று எண்ணிப் பார்க்க விற்றவர் நம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. சாதாரண மனிதர்கள் எல்லோருக்கும் விளங்கும் இந்த விடயம், இணையம் வழியாகப் பாடல்களை விற்க முற்பட்ட பெரிய ஒலிப்பதிவுக் கம்பனிகளுக்கு விளங்குவதற்குப் பத்து ஆண்டுகள் சென்றன. விளங்கிய வேளையில் வியாபாரமே வேறு திசைக்குத் திரும்பிவிட்டது.

பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்த ஒருவனுக்கு இசைக் கம்பனிகளின் வியாபாரத்தில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கறை உண்டு. எழுத்தும் பாடலும் ஒரே சாதிப் பொருட்கள். ஆக்குவதற்குப் பெரும் பாடு. படியெடுப்பதற்கு ஒரு கணம். நான் எழுதிய கட்டுரைகள் சில, என் பெயர் நீக்கப்பட்டு, வேறு இணையத்தளங்களில் வந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு செய்தியின் உண்மையை உறுதிப்படுத்துவதற்காக நாள் முழுவதும் அலைந்து எழுதியதை, எங்கோ ஒருவர் இரண்டு விசைகளைத் தட்டி எடுத்துக்கொள்ளும்போது ஏற்படும் எரிச்சல் எனக்குத் தெரியும். ஆகவே திருட்டுக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. திருட்டுக்கு அஞ்சியவர்கள் காசு கொடுத்து வாங்க வந்தவரை எப்படி நடத்தினார்கள் என்பதே என் கேள்வி.

ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் படியெடுத்தல் பற்றிய பயம் இணையத்தோடு வந்ததல்ல. 1981 இல் பிரித்தானிய ஒலிப்பதிவுத் தொழிலின் சங்கம் ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. வீட்டில் ஒலிநாடாவில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்பது அதன் சுலோகம். கசெட் ஒன்றை மண்டையோடுபோல வரைந்து, அதன் கீழே இரண்டு எலும்புகளைக் குறுக்காகப் போட்டிருந்தார்கள். இசை சாகவில்லை. மாறாக, அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1982 இல், சோனியும் பிலிப்ஸும் இறுவட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. பழைய இசைத்தட்டுகளை வைத்திருந்தவர்கள் அதே பாடல்களை இறுவட்டில் இரண்டாவது தடவையும் வாங்கினார்கள். கம்பனிகள் கொழித்தன.

அந்த இறுவட்டில்தான் வேடிக்கை இருக்கிறது. அதில் உள்ள ஒலி முழுவதும் எண்களாகவே பதியப்பட்டிருந்தது. ஆனால் அதற்குப் பூட்டு எதுவும் இல்லை. ஒரு நிமிட இசைக்குச் சுமார் 10 மெகாபைட் வேண்டியிருந்தமையால் அதைக் கணினியில் எவரும் சேமித்து வைக்கப் போவதில்லை என்ற துணிவு அக்காலத்தில் இருந்தது. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் உருவான எம்பி3 என்ற முறை அந்தத் துணிவை உடைத்தது. மனிதக் காது தவறவிடும் ஒலிகளைக் கழித்துவிட்டு, கோப்பினைப் பத்தில் ஒரு பங்களவுக்குச் சுருக்க அம்முறையால் முடிந்தது. 1995 இல் அக்கோப்புகளுக்கு அந்தப் பெயர் நிலைபெற்றது. வீட்டுக் கணினிகளும் தொலைபேசி வழி இணைய இணைப்புகளும் பெருகிய காலமும் அதுவே.

1999 இல் வந்தது நப்ஸ்டர். தன் கணினியிலுள்ள பாடலை உலகின் மறுமுனையில் உள்ளவர் எடுத்துக்கொள்ள வழிசெய்த அந்த மென்பொருளை எழுதியவர் ஷோன் ஃபானிங் என்ற இளைஞர். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கம்பனிகள் வழக்குத் தொடர்ந்தன. சட்டப்படி அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. 2001 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் நப்ஸ்டர் நின்றுபோனது. வழக்கில் வென்றவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்கவில்லை. கோடிக்கணக்கான மனிதர்கள் தமக்கு என்ன வேண்டும் என்பதைச் செலவில்லாத ஒரு கருத்துக்கணிப்பைப்போலச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். விரும்பிய ஒரு பாடல் வேண்டும். அது உடனே வேண்டும். அதை எந்தக் கருவியிலும் கேட்க முடியவேண்டும். 'இலவசம்' என்பது அவற்றோடு சேர்ந்து வந்த இன்னொன்று.

இன்னொன்றும் உண்டு. அன்று வாங்குவோர் மனத்தில் கம்பனிகள்மீது நல்லெண்ணம் இருக்கவில்லை. பிடித்த ஒரு பாடலுக்காகப் பன்னிரண்டு பாடல்கள் கொண்ட இறுவட்டை முழு விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் குறைந்த விலையை விளம்பரப்படுத்தாதபடி ஐந்து பெரும் கம்பனிகளும் போட்டிருந்த நிபந்தனைகளால் மூன்று ஆண்டுகளில் நுகர்வோர் 480 மில்லியன் டொலர் வரை மேலதிகமாகச் செலுத்தியிருக்கலாம் என்று 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு கணக்கிட்டது. கடைக்காரர் நிறுவையில் ஏமாற்றுகிறார் என்று ஊருக்குத் தெரிந்தபின், அந்தக் கடையில் களவு போனால் யார் கண்ணீர் விடுவார்கள்?

ஒற்றைப் பாடலைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் காசு கொடுக்கும் வழக்கம் எங்கள் நாட்டவருக்குப் புதிதல்ல. கசெட் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் 'றெக்கோடிங் பார்' என்று அழைக்கப்பட்ட கடைகள் இருந்தன. விருப்பமான பாடல்களைக் கொப்பித் தாளில் ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு எழுதிக் கொடுத்தால், 60 நிமிட நாடாவிலோ 90 நிமிட நாடாவிலோ பதிவு செய்து தருவார்கள். நாடாவின் முடிவில் இடம் மிஞ்சினால் கடைக்காரரே தமது இரசனைக்கு ஏற்ற ஒரு பாடலைப் போட்டு நிரப்புவார். அந்தக் காசில் பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ ஒரு சதமும் போய்ச் சேரவில்லை என்பது உண்மை. அது நியாயமும் அல்ல. ஆயினும், கையில் பணம் குறைந்த மக்கள்கூடத் தாம் விரும்பிய பாடலுக்குக் காசு கொடுக்க ஆயத்தமாகவே இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கடைகளைவிடச் சான்று வேண்டியதில்லை. கொடுக்க மனமிருந்தது. வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் கடை திறக்கவில்லை.

கம்பனிகள் கடை திறந்த விதத்தைக் கேளுங்கள். 2001 டிசம்பரில் இரண்டு சேவைகள் தொடங்கின. சோனியும் யூனிவர்சலும் சேர்ந்து 'பிரஸ்பிளே' என்பதைத் தொடங்கின. வார்னர், பேர்டெல்ஸ்மனின் பி.எம்.ஜி., ஈ.எம்.ஐ. ஆகிய மூன்றும் 'மியூசிக்நெட்' என்பதில் கூட்டுச் சேர்ந்தன. ஒரு கூட்டின் பாடல்கள் பெரும்பாலும் மற்றக் கூட்டின் கடையில் கிடையா. ஒரு பாடகர் எந்தக் கம்பனிக்குப் பாடுகிறார் என்று இரசிகர்கள் மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள் என்று எண்ணினார்கள்போலும்! மாதச் சந்தா கட்டவேண்டும். மியூசிக்நெட்டில் இறக்கிய பாடல் முப்பது நாட்களில் காலாவதியாகிவிடும். பிரஸ்பிளேயில் இறுவட்டில் எழுதிக்கொள்ளக்கூடிய பாடல்களின் எண்ணிக்கைக்கும் எல்லை. அதிலும் ஒரே கலைஞருடையவை எத்தனை என்பதற்கு இன்னோர் எல்லை. கையடக்கக் கருவிக்கு மாற்றிக் கேட்கவும் வழியில்லை. திருடுபவருக்கு எல்லாம் கிடைத்தது. காசு கொடுப்பவருக்கு விதிமுறைகள் கிடைத்தன.

இந்த வெற்றிடத்திலேதான் கணினி வியாபாரி ஒருவர் நுழைந்தார். அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐந்து கம்பனிகளையும் ஒரே கடைக்குக் கொண்டுவந்தார். 2003 ஏப்ரல் 28 இல் ஐரியூன்ஸ் இசைக்கடை திறக்கப்பட்டது. 200,000 பாடல்கள், எந்தப் பாடலை எடுத்தாலும் 99 சதம், சந்தா இல்லை. முதல் வாரத்திலேயே ஒரு மில்லியன் பாடல்கள் விற்பனையாயின. கம்பனிகள் இதற்கு இணங்கியதற்குக் காரணம் துணிச்சலல்ல. அப்போது அந்தக் கடை அப்பிளின் மக்கின்ரொஷ் கணினிகளில் மட்டுமே இயங்கியது. கணினிச் சந்தையில் அவற்றின் பங்கு மிகச் சிறியது. குளத்தில் இறங்குமுன் கால் விரலை நனைத்துப் பார்ப்பதுபோல அவர்கள் அதைப் பார்த்தார்கள். ஆறு மாதங்கள் கழித்து விண்டோஸ் கணினிகளுக்கும் கடை வந்தது. 99 சதத்தில் சுமார் 70 சதம் கம்பனிகளுக்குப் போயிற்று. அச்சிடும் செலவில்லை, பெட்டி இல்லை, லொறி இல்லை, விற்காமல் திரும்பிவரும் சரக்கும் இல்லை. பத்திரிகை முதலாளி ஒருவர் கேட்டால் ஏங்கிப்போகும் கணக்கு இது.

ஆனால், கம்பனிகள் ஒரு நிபந்தனையை மட்டும் கைவிடவில்லை. பாடலுக்குப் பூட்டு வேண்டும். டிஜிட்டல் உரிமை முகாமை என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர் உண்டு. வாங்கிய பாடலை முதலில் மூன்று கணினிகளில், பின்னர் ஐந்து கணினிகளில் மட்டுமே கேட்கலாம் என்பது அப்பிளின் பூட்டு. அதில் கம்பனிகள் காணத் தவறிய பொறி ஒன்றிருந்தது. பூட்டைக் கேட்டவர்கள் கம்பனிகள். சாவி இருந்ததோ அப்பிளின் கையில். அப்பிள் அந்தச் சாவியை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. ஆகவே அங்கே வாங்கிய பாடல் ஐபொட் அல்லாத கையடக்கக் கருவியில் பாடாது. ஐபொட்டிலோ, வேறு கடையின் பூட்டுப் போட்ட பாடல் பாடாது. நூறு பாடல்களை வாங்கிவிட்டவர் அடுத்த கருவியையும் அப்பிளிடமே வாங்கவேண்டும். தங்கள் சரக்கைப் பாதுகாக்க என்று கேட்டுப் பெற்ற பூட்டினால் கம்பனிகள் தம்மையே ஒரே கடைக்காரரிடம் பூட்டிக்கொண்டன. புதிய பாடல்களின் விலையைக் கூட்டவேண்டும் என்று 2005 இல் அவை கேட்டபோது, அது பேராசை என்று ஜொப்ஸ் பகிரங்கமாகவே சொன்னார். விலை கூடவில்லை.

கடை ஒருபுறம் நடக்க, மறுபுறம் வாடிக்கையாளர்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2003 செப்டெம்பரில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்சங்கம் 261 தனிமனிதர்கள்மீது ஒரே நாளில் வழக்கிட்டது. அவர்களில் நியூயோர்க்கைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். 2,000 டொலர் கட்டி அந்த வழக்குத் தீர்க்கப்பட்டது. 2008 இல் இந்த முறையைக் கைவிடும்வரை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சட்ட நடவடிக்கைக்கு இலக்கானார்கள். ஒரு தொழில் தன் எதிர்கால வாடிக்கையாளரை இப்படி வரிசையில் நிறுத்தி வழக்குத் தொடர்ந்ததாக நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

2005 இல் நடந்தது இதனிலும் மோசம். சோனி பி.எம்.ஜி. கம்பனி தனது இறுவட்டுகள் சிலவற்றில் ஒரு மென்பொருளை மறைத்து வைத்தது. இறுவட்டைக் கணினியில் இட்டதும், படியெடுப்பதைத் தடுக்கும் அந்த மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே குடியேறி, விண்டோஸின் கண்ணுக்கே தெரியாதபடி பதுங்கிக்கொண்டது. மார்க் ருசினோவிச் என்ற கணினி நிபுணர் அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அது பதுங்கும் இடத்தைப் பயன்படுத்தி வேறு நச்சுநிரல்களும் ஒளிந்துகொள்ள முடிந்தது. கண்டனங்கள் குவிந்தன. கம்பனி அந்த இறுவட்டுகளை மீளப்பெற நேர்ந்தது. இங்கே பாதிக்கப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். பாடலை இணையத்தில் திருடியவரின் கணினிக்கு எதுவும் நேரவில்லை. கடைக்குப் போய், முழு விலை கொடுத்து, பெட்டியோடு வாங்கிவந்த நேர்மையானவரின் கணினியே கெட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை கேட்டிருக்கிறோம். இவர்கள் கொளுத்தியது வாடிக்கையாளரின் வீட்டை.

2007 பெப்ரவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதில் அவர் காட்டிய கணக்கு எளிமையானது. முந்திய ஆண்டில் இணையக் கடைகளில் பூட்டுடன் விற்பனையான பாடல்கள் இரண்டு பில்லியனுக்கும் குறைவு. அதே ஆண்டில் அதே கம்பனிகள் பூட்டில்லாத இறுவட்டுகளில் விற்ற பாடல்கள் இருபது பில்லியனுக்கும் அதிகம். முன்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பக்கத்து யன்னலுக்குப் பூட்டுப் போடுவதில் என்ன பயன் என்பதே கேள்வி. அப்போது ஐரோப்பிய நாடுகள் சில அப்பிளின் பூட்டை எதிர்த்துக் குரலெழுப்பிக்கொண்டிருந்தன. ஜொப்ஸின் கடிதத்திலும் சுயநலம் இருந்தது. ஆனால் கணக்கு பிழையல்ல.

ஏப்ரலில் ஈ.எம்.ஐ. பூட்டை அகற்றச் சம்மதித்தது. அதற்கும் மேலதிக விலை: உயர்ந்த ஒலித்தரத்தில் பாடல் ஒன்று 1.29 டொலர். மற்றக் கம்பனிகளும் இறங்கிவந்தன. ஆனால் அவை முதலில் போனது அமேசனிடம். 2007 செப்டெம்பரில் அமேசன் தொடங்கிய கடையில் பூட்டில்லாத எம்பி3 பாடல்கள் விற்கப்பட்டன. 2008 ஜனவரி அளவில் நான்கு பெருங்கம்பனிகளும் அங்கே வந்துவிட்டன. அப்பிளுக்கு அதே உரிமையைக் கொடுக்க 2009 ஜனவரி வரை இழுத்தடித்தார்கள். அப்போது 69 சதம், 99 சதம், 1.29 டொலர் என்று மூன்று விலைகளுக்கு அப்பிளும் இணங்கியது. பூட்டு நீங்கியது வாடிக்கையாளர்மீது பிறந்த நம்பிக்கையால் அல்ல. அப்பிள்மீது இருந்த பயம், திருடர்மீது இருந்த பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. அவ்வளவே.

பூட்டுப் போட்ட பாடல்களை முன்னரே வாங்கியவர்களின் கதி என்ன? மைக்ரோசொப்ட் 2004 இல் தொடங்கிய எம்.எஸ்.என். மியூசிக் கடை 2006 இல் மூடப்பட்டது. அதே ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட சூன் என்ற கருவியில், அதன் சொந்தக் கடையில் விற்ற பாடல்களே பாடவில்லை! 2008 ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு சாவி வழங்கும் கணினிகளை நிறுத்தப்போவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. புதிய கணினிக்கு மாறுவோர் தாம் வாங்கிய பாடல்களை அதில் திறக்க முடியாது என்பது அதன் பொருள். எதிர்ப்புக் கிளம்பியதால் 2011 இறுதிவரை தவணை கொடுத்தார்கள். யாஹூவும் 2008 செப்டெம்பருடன் தன் சாவிக் கணினிகளை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தையோ பற்றுச்சீட்டையோ கொடுக்க முன்வந்தது. கடை மூடினால் வாங்கிய பொருளும் மூடிக்கொள்ளும் என்பதை உலகம் கண்டது.

இதைப் படித்தபோது என் நினைவு 1990களின் முற்பகுதி யாழ்ப்பாணத்துக்குப் போயிற்று. மின்சாரம் இல்லை. மின்கலங்களுக்குத் தடை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றி, அதில் பிறக்கும் சிறு மின்சாரத்தில் மக்கள் வானொலியும் பாட்டும் கேட்டார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். மிதிப்பவர் களைத்தால் பாட்டும் இழுபடும். அந்தக் கசெட்டுக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. நாடா அறாமல் இருந்தால் போதும். அந்தப் பாடல் பாடுவதற்குக் கடல் கடந்த ஒரு நாட்டிலுள்ள கணினி 'ஆம்' என்று சொல்லவேண்டும் என்ற ஏற்பாடு அன்று இருந்திருக்குமானால்? உலகத்தோடு தொடர்பறுந்து வாழ்ந்து பார்த்த சமூகத்துக்கு, சொந்தமாக வைத்திருப்பது என்ற சொல்லின் பெறுமதி மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே விளங்கும்.

சொந்தம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு பழைய வரலாறு உண்டு. இந்தப் புத்தகத்தை ஒரு டொலருக்குக் குறைவாக விற்கக்கூடாது என்று அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது. நியூயோர்க்கின் மேசிஸ் என்ற பெருங்கடை அதை 89 சதத்துக்கு விற்றது. 1908 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருமுறை விற்ற படியின்மீது பதிப்பாளருக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. பழைய புத்தகக் கடைகளும் பழைய இசைத்தட்டுக் கடைகளும் வாழ்வது இந்தக் கொள்கையின் நிழலில்தான். ஆனால், இணையத்தில் வாங்கிய பாடலுக்கு அது பொருந்தாது என்றாகிவிட்டது. வாங்கிய பாடற்கோப்பினை வேறொருவருக்கு மறுபடி விற்க வழிசெய்த ரெடிஜி என்ற நிறுவனத்துக்கு எதிராகக் கப்பிட்டல் ரெக்கோர்ட்ஸ் வழக்கிட்டு, 2013 இலும் மேன்முறையீட்டில் 2018 இலும் வென்றது. கோப்பு கைமாறும்போது புதிய படியொன்று உருவாகிறது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அதை அப்படிக் கைமாற்றி விற்க முடியாது.

இதே கம்பனிகள் கலைஞர்களிடம் என்ன சொல்லின என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அவர்களுடனான ஒப்பந்தங்களில் இரண்டு வகைப் பங்கு எழுதப்படுவதுண்டு. இசைத்தட்டு விற்பனையானால் சிறு வீதம். மூலப்பதிவைப் பயன்படுத்த வேறொருவருக்கு உரிமம் கொடுத்தால் வருமானத்தில் பெரும் பங்கு. ராப் பாடகர் எமினெமை ஆரம்பத்தில் வளர்த்தெடுத்த தயாரிப்பாளர்களின் ஒப்பந்தத்தில் விற்பனைக்கு 12 முதல் 20 சதவீதம், உரிமத்துக்கு 50 சதவீதம் என்று இருந்தது. ஐரியூன்ஸில் பாடல் போவது விற்பனை என்று கம்பனி சொல்லிச் சிறிய பங்கைக் கொடுத்தது. அவர்கள் வழக்கிட்டார்கள். அப்பிளுக்குக் கொடுக்கப்பட்டது உரிமமே என்று 2010 செப்டெம்பரில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடகருக்குக் கணக்கு எழுதும்போது அது விற்பனை. வாங்கியவர் உரிமை கேட்கும்போது அது வெறும் உரிமம். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள். இங்கே இரு கண்ணுக்கும் சுண்ணாம்பு. வெண்ணெய் கம்பனிக்கு.

இலங்கையில் ஐரியூன்ஸ் இசைக்கடை 2012 இல் திறந்தது. அமெரிக்காவில் திறந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர். அந்த ஒன்பது ஆண்டுகளும் எங்கள் இளைஞர்கள் பாடலே கேட்காமலா இருந்தார்கள்? நேர்மையாக வாங்க விரும்பியவருக்கும் அந்தக் கடையின் கதவு மூடியிருந்தது. திருட்டுத்தளத்தின் கதவு மட்டும் திறந்திருந்தது. இந்தியாவுக்கு அது வந்ததும் 2012 டிசம்பரில்தான். கடை வந்து சேர்ந்த வேளையில் தரவிறக்க வியாபாரம் உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கும் கட்டத்தில் இருந்தது. 2008 இல் சுவீடனிலிருந்து புறப்பட்ட ஸ்பொட்டிபை போன்ற சேவைகள் மாதவாடகைக்குக் கடலளவு பாடல்களைத் திறந்துவிட்டன. அந்தச் சேவை இலங்கைக்கு வந்தது 2021 இல்.

இன்று உலக ஒலிப்பதிவு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமானது இத்தகைய சேவைகளிலிருந்தே வருகிறது. தரவிறக்க விற்பனை முதலானவற்றின் பங்கு 3 சதவீதமளவே என்பது 2024 ஆம் ஆண்டுக்கான சர்வதேச ஒலிப்பதிவுத் தொழிற் சம்மேளனத்தின் கணக்கு. ஒருவகையில் இது கம்பனிகள் 2001 இல் கண்ட கனவுதான். மாதச் சந்தா, கட்ட மறந்தால் பாட்டு நிற்கும். அன்று தோற்றது இன்று வென்றதற்குக் காரணம், இன்று எல்லாக் கம்பனிகளின் பாடல்களும் ஒரே இடத்தில் உண்டு; எரிச்சலூட்டும் எண்ணிக்கை விதிகள் இல்லை; பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசியிலேயே எல்லாம் கிடைக்கிறது. வசதியை நான் மறுக்கவில்லை. எனினும், ஒப்பந்தம் முறியும் நாளில் ஒரு பாடகரின் பாடல்கள் முழுவதும் ஒரே இரவில் அங்கிருந்து மறையலாம். கேட்பவர் நாளுக்கு நூறு முறை கேட்டு உருகிய பாடலாயினும் அவரிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை.

மக்கள் கையில் பிடித்து வைத்திருக்க விரும்புகிறார்கள் என்பதற்குச் சான்றும் உண்டு. செத்துவிட்டது என்று எண்ணப்பட்ட கறுப்பு இசைத்தட்டு, 2020 இல் அமெரிக்காவில் வருமானத்தில் இறுவட்டைக்கூட முந்தியது. 1986 இன் பின் அது முதல் தடவை. 2008 முதல் இயங்கும் பாண்ட்காம்ப் என்ற இணையத்தளத்தில் கலைஞர்களே விலை குறித்துப் பூட்டில்லாத பாடல்களை விற்கிறார்கள். கேட்டதற்கு மேலாகக் கொடுக்க விரும்புவோர் கொடுக்கவும் வழி உண்டு. அப்படிக் கொடுப்போரும் இருக்கிறார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் 2024 இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், வெறும் உரிமத்தைக் கொடுப்பவர்கள் அதை மறைத்து 'வாங்குங்கள்' என்று பொத்தானில் எழுதக்கூடாது என்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. இருபது ஆண்டுக் குழப்பத்தின் பின் ஒரு சட்டசபை வந்து 'வாங்குதல்' என்ற சொல்லின் அகராதிப் பொருளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது!

எங்கள் ஊர்களில் வாசிகசாலைகள் இருந்தன. ஒரு பத்திரிகை வரும். காலையிலிருந்து மாலைவரை அதைப் பலர் படிப்பார்கள். நடுப்பக்கத்தை ஒருவர் பிடிக்க முன்பக்கத்தை இன்னொருவர் பிடிப்பார். படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் உரத்து வாசித்துக் காட்டுவார். விற்றது ஒரு பிரதி, வாசித்தவர்கள் ஐம்பது பேர். எந்தப் பத்திரிகை நிறுவனமும் வாசிகசாலைக்கு வழக்கறிஞரின் கடிதம் அனுப்பியதாக நான் அறியேன். அங்கே இலவசமாக வாசித்துப் பழகிய சிறுவர்கள் வளர்ந்து உத்தியோகம் பெற்றபின் வீட்டுக்குப் பத்திரிகை எடுப்பித்தார்கள். வாசகர்கள் உருவானது அப்படித்தான். இப்போது பத்திரிகைகளும் இணையத்தில் கட்டணச்சுவர் எழுப்புகின்றன. எழுதுபவருக்கு ஊதியம் வேண்டும்; ஆகவே அதை நான் குறைகூறமாட்டேன். சுவர் எழுப்புவோர் இசைக் கம்பனிகள் நடந்த பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டால் நல்லது.

திருடுபவருக்கு எந்தப் பூட்டும் ஒரு பொருட்டல்ல. அவர் பூட்டு உடைக்கப்பட்ட படியைத்தான் எடுக்கிறார். அவருக்குப் பூட்டு இருந்ததே தெரியாது. அதைத் தினமும் திறந்து மூடி அவதிப்படுபவர் காசு கொடுத்தவர் மட்டுமே. பாடலை ஆக்கியவருக்கு நியாயமான பங்கு போகவேண்டும், வாங்கியவரிடம் பாடல் தங்கவேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே செய்யாத வியாபாரத்துக்கு எந்தப் பெயரையும் சூட்டலாம். விற்பனை என்று மட்டும் சொல்ல முடியாது.